முதல் கதைக்கான நாற்காலி

அத்தியாயம் 5

"திருடினவன் ஒண்ணு வடிகட்டின முட்டாளா இருக்கணும், இல்லேன்னா ரொம்பப் படிச்சவனா இருக்கணும்," என்றான் அராம். "ரெண்டு பேரும் பாக்க ஒரே மாதிரி இருப்பாங்கங்கிறதுதான் நம்ம தொழில்ல கஷ்டம்."

மோனா டெவ்லின் சிரிக்கவில்லை. ப்ராவிடென்ஸ் நகரத்தில் துப்பறியும் தொழில் நடத்தும் ஒரே பெண் அவள். அவளிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அராம் கெஷிஷியன் ஒரு தடவையாவது அவளைச் சிரிக்கவைத்துவிட முயன்றுகொண்டிருந்தான். உதட்டோரம் லேசாக அசையும். அதற்கு மேல் வராது.

விக்கென்டன் தெருவில், ஒலிந்தா ஃபுர்டாடோவின் பழைய புத்தகக் கடைப் பின்னறையில் அவர்கள் நின்றிருந்தார்கள். எதிரே கண்ணாடி அலமாரி. உள்ளே ஐம்பது வருடத்துக்கு முந்தைய திகில் பத்திரிகைகள். கை நிறைய உணர்கொம்புகளும் வாய் நிறையப் பற்களுமான ஜந்துக்களோடு அட்டைகள் பளபளத்தன. அவற்றில் எதை விற்றாலும் ஒரு புதுக் கார் வாங்கலாம். திருடன் அவற்றைத் தொடவே இல்லை. நடுவிலிருந்து, அட்டை கிழிந்த, ஒல்லியான ஒரே ஓர் இதழை மட்டும் உருவிக்கொண்டு போயிருந்தான்.

"அலமாரிச் சாவி?" என்றாள் மோனா.

"காபிப் பானைக்குப் பக்கத்துல ஆணியில தொங்கும்," என்றாள் ஒலிந்தா. நாற்பது வயதைத் தாண்டியவள். அழுது முடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். "எங்க வட்டத்துல எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப பூட்டு எதுக்கு?" என்றான் அராம்.

"தெரியாதவங்களுக்கு."

அராமுக்கு இந்தப் பெண்ணைப் பிடித்துப் போயிற்று.

அவள் சொன்ன கதை இதுதான். ஒலிந்தாவின் கடையில் ஒரு வாசகர் வட்டம் கூடுகிறது. பேரண்டத் திகில் கதைகளுக்கு மட்டுமான வட்டம். அந்தக் கதைகளில் பேய் இல்லை, பழிவாங்கும் பிணம் இல்லை. இந்த அண்டம் அளவிட முடியாதது, அதில் நம்மைவிடப் பழைய ஏதோ ஒன்று இருக்கிறது, அது நம்மைக் கண்டுகொள்வதுகூட இல்லை. பயமெல்லாம் அந்தக் கடைசி விஷயத்தில்தான். இப்போது வட்டத்தார் புதிய வாசகர்களுக்காக ஒரு தொகுப்பு போடுகிறார்கள். இந்த வகைக் கதைகளைப் படிக்க ஆரம்பிப்பவர் எதில் ஆரம்பிக்க வேண்டும் என்பதற்கு அந்தத் தொகுப்பின் முதல் கதைதான் பதில். அந்த இடத்துக்கு நடந்த சண்டை வருடக்கணக்கில் நீண்டு, போன மாதம் ஓட்டெடுப்பில் முடிந்தது. ஒலிந்தா சொன்ன கதை வென்றது.

"தரை தட்டாத கயிறு," என்றாள் ஒலிந்தா. "எழுதினவ பேரு ரோவீனா டில்லி. இதே ஊரு. நகைப் பட்டறையில, சட்டையில குத்திக்கிற நகைக்குப் பின்னால ஊசி பத்தவச்சவ. வாழ்க்கையில ஒரே ஒரு கதை எழுதினா. அந்தப் பத்திரிகையும் கொஞ்ச நாள்ல மூடிட்டாங்க. உலகத்துல மிச்சம் இருக்கிறதா எனக்குத் தெரிஞ்ச ஒரே பிரதி என்னோடது. அது போச்சுன்னா அவளே இருந்ததில்லைன்னு ஆயிடும்."

"படி எடுத்து வைக்கலியா?"

"மெஷின்ல வச்சு அமுக்கினா அந்தக் காகிதம் பொடிப்பொடியா போயிடும். இந்த வாரம் உக்காந்து டைப் அடிக்கணும்னு இருந்தேன்." கண்ணாடிக்குப் பின்னால் இருந்த காலி இடத்தைப் பார்த்தாள். "அச்சகத்து வண்டி இன்னைக்கு சாயங்காலம் வருது. அதுக்குள்ள கிடைக்கலேன்னா அந்த இடத்துல வேற கதையைப் போட்டுடுவாங்க."

"எப்பக் காணாமப் போச்சு?"

"சனிக்கிழமை. ஒரு பெரிய வீட்டுப் புத்தகமெல்லாம் லாரியில வந்து இறங்குச்சு. நாங்க எல்லாரும் தெருவுல வரிசையா நின்னு கைமாத்திக்கிட்டிருந்தோம். நடுநடுவுல ஒவ்வொருத்தரா உள்ள போய் காபி குடிச்சிட்டு வந்தாங்க."

மோனா அறையைச் சுற்றிப் பார்த்தாள். வெப்பக் குழாயை ஒட்டிப் பச்சை வெல்வெட் போர்த்திய சாய்வு நாற்காலி ஒன்று இருந்தது. அதற்கு மேலே சுவரில், சட்டமிட்ட ஒரு பூத்தையல். துணியில் நூலால் எழுதியிருந்தது: இங்கே யாரோ இன்னும் படிக்கவில்லை.

"அது எங்க வட்டத்தோட சட்டம்," என்றாள் ஒலிந்தா. "ஒரு கதையைப் படிக்காத ஒரே ஒருத்தர் இருந்தாலும் அந்த ரூம்ல அதோட முடிவைப் பேசக் கூடாது. மிஸ் பிரேட்டன் தைச்சது. நாற்காலியும் அவங்க குடுத்ததுதான். புதுசா வர்றவங்க மட்டும்தான் அதுல உக்காரலாம். கையில ஒரு டம்ளர் காபிப்பாகு கலந்த பால், மடியில முதல் கதை. கதவைச் சாத்திட்டு நாங்க வெளியே போயிடுவோம். பழைய ஆளுங்க உக்கார மாட்டாங்க. கூச்சம்."

"கடைசியா யாரு உக்காந்தது?"

"போன மாசம் ஒரு நர்ஸ் பொண்ணு. அவ எந்திரிச்சதும் நானே பிரஷ் போட்டுத் தட்டி வச்சேன்."

மோனா குனிந்து, நாற்காலியின் இருக்கையில் விரலை ஒற்றி எடுத்தாள். விரல் நுனியில் பழுப்பு நிறத்தில் செதில் செதிலாக ஏதோ ஒட்டியிருந்தது. வறுத்த வெங்காயத் தோல் மாதிரி.

"பத்திரிகையைத் தூக்கிட்டு ஓடியிருந்தா இந்தப் பழைய காகிதத் தூள் கதவுப் பக்கம் உதிர்ந்திருக்கணும்," என்றாள். "பக்கம் பக்கமா புரட்டினாத்தான் இத்தனை உதிரும். ஓட்டுல தோத்த யாரோ ஒருத்தர், கதையை ஒழிக்கணும்னு வந்திருக்காங்க. வந்தவங்க திறந்து பாத்திருக்காங்க. முதல் பாராவுலயே மாட்டிக்கிட்டு, அப்படியே உக்காந்துட்டாங்க."

"அப்ப நமக்குத் தேவை," என்றான் அராம், "அந்தக் கதையைப் படிச்ச ஆளு."

"இல்ல. படிக்கலைன்னு சொல்ற, படிச்ச ஆளு."

*

ஓட்டில் தோற்றவர்கள் மூன்று பேர். மூவருமே அந்தக் கதையைப் படித்ததில்லை என்று வட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லி வந்தவர்கள். படிப்பதென்றால் ஒலிந்தாவிடம் கேட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து படிக்க வேண்டும். அதற்கு யாருக்கும் மனசு வரவில்லை.

முதல் ஆள் டக்ளஸ் வின்சர். மலை மேலே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளன். முப்பது வயதிருக்கும், சுருட்டை முடி, முழங்கையில் தோல் ஒட்டுப்போட்ட கோட்டு. அவன் கதவைத் திறந்த விதமே அராமுக்குப் பிடிக்கவில்லை. மோனாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். அராமுக்கு ஜன்னல் திண்டைக் காட்டினான்.

"அந்தக் கதையா? இல்லீங்க, படிக்கலை," என்றான் வின்சர். "நான் வரிசையாப் படிக்கிறவன். இந்த வகைக் கதை எங்க முளைச்சுதோ அங்கேயிருந்து ஆரம்பிச்சு, வருஷ வாரியா வரணும். புதுசா வர்றவங்களுக்கும் நான் அதைத்தான் சொல்வேன். அடி தெரியாம நுனியைப் பிடிச்சா என்ன புரியும்?"

"இப்ப எங்க இருக்கீங்க?" என்றாள் மோனா.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணுல." அவன் குரலைத் தாழ்த்தினான். "தயவுசெஞ்சு உலகப் போர் எதுவும் வந்துச்சான்னு என்கிட்ட சொல்லிடாதீங்க."

மோனா டெவ்லின் சிரித்தாள்.

உதட்டோரச் சிரிப்பு இல்லை; தலையைப் பின்னால் சாய்த்து, பல் தெரிய, சத்தமாகச் சிரித்தாள். ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருந்த அராமுக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை மழையில், எத்தனை கார்களில், எத்தனை வேவு பார்த்த பகல்களில் அவன் எவ்வளவு உழைத்திருப்பான்! இவன் வந்தான், ஒரு வரி சொன்னான், அள்ளிக்கொண்டு போனான்.

வெளியே வந்ததும் அராம் சொன்னான்: "இவன்தான் பாஸ்."

"ஆதாரம்?"

"அவன் மூஞ்சி."

"அந்த மூஞ்சிக்கு என்ன?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன்," என்றான் அராம் கடுப்புடன்.

*

இரண்டாவது ஆள் எல்வுட் தேயர். கப்பல் காப்பீட்டுத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடையில் சோளமாவு அடைமேல் பாகை ஊற்றிக்கொண்டிருந்தார். மோனா கேள்வியை முடிப்பதற்குள் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"படிக்கலை. படிக்கவும் மாட்டேன். எனக்கு ஒலிந்தாமேல பொறாமைன்னுதானே கேக்க வந்தீங்க? ஆமா, பொறாமைதான்! சத்தமாவே சொல்றேன்." அடுத்த மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். "புதுசா ஒருத்தன் வந்தா நான் துருவப் பனியில புதைஞ்ச நகரத்துக் கதையைக் குடுப்பேன். பெரிய கதை. மலை மாதிரி கதை. அதுல ஏறி இறங்கினவன்தான் வாசகன். இந்த அம்மா என்னடான்னா, மீன்பிடிப் படகு, கயிறு, நம்ம ஊரு உப்புக்காத்துன்னு ஒரு குட்டிக் கதையைக் குடுக்கறா. எல்லாரும் அவகிட்டயே போறானுங்க."

"உங்க கதையைப் படிச்சவங்க திரும்பி வர்றாங்களா?" என்றான் அராம்.

"பாதிப் பேரு வர மாட்டாங்க."

"இன்னும் பனியில இருந்து இறங்கிக்கிட்டிருப்பாங்க, பாவம்."

தேயர் முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். அராம் ஆவலுடன் மோனாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்துகொண்டிருந்தாள்.

*

மிஸ் கான்ஸ்டன்ஸ் பிரேட்டன் பெனிஃபிட் தெருவில், சரிவில் சாய்ந்து நின்ற ஒரு பழைய மரவீட்டில் இருந்தாள். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வெல்லப்பாகு பிஸ்கட்டும் தேநீரும் தயாராக வைத்திருந்தாள். வட்டத்தை ஆரம்பித்ததே அவள்தான். ஒலிந்தா கடை திறப்பதற்கு முன்பு அது அவள் வீட்டு முன்னறையில்தான் கூடியது.

"புதுசா வர்றவங்களை மிரட்டக் கூடாது," என்றாள் மெதுவான குரலில். "நான் எப்பவும் ஒரு சின்னக் கனவுக் கதையைக் குடுப்பேன். ஒரு தம்ளர் தண்ணி குடிக்கிற நேரம்தான். முடிச்சதும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பாப்பாங்க, பாருங்க, அந்த முகம்! அதுக்காகவே எத்தனை பேரை உக்காரவச்சிருக்கேன் தெரியுமா? இப்போ ஒலிந்தா செய்யறா. நல்லாத்தான் செய்யறா."

"கயித்துக் கதையை நீங்க படிச்சிருக்கீங்களா?" என்றாள் மோனா.

"நானா? என்னை யாரும்மா அந்த நாற்காலியில உக்காரச் சொல்லப்போறாங்க!" மிஸ் பிரேட்டன் சிரித்தாள். பிறகு அராமின் பக்கம் தட்டை நகர்த்தினாள். "நீ இந்த வகைக் கதை ஏதாவது படிச்சிருக்கியா, தம்பி?"

"ஒண்ணுகூட இல்லைங்க."

"ஒண்ணுகூடவா?" அவள் அவனைக் கூர்ந்து பார்த்தாள். "எல்லாமே உனக்கு மிச்சம் இருக்கு. உன்னைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குப்பா."

"நான் எதையும் படிக்கலைன்னு என்மேல பொறாமைப்பட்ட முதல் ஆள் நீங்கதான்," என்றான் அராம் பிஸ்கட்டை மென்றபடி. "எங்க வாத்தியாருங்க இதை வேற மாதிரி சொன்னாங்க."

காரில் ஏறியதும் அவன் கேட்டான்: "மூணு பேரும் படிக்கலைன்னுட்டாங்க. படிச்சா நெத்தியிலயா எழுதியிருக்கும்? எப்படிப் பிடிக்கிறது?"

மோனா சாவியைத் திருகப் போய் நிறுத்தினாள். "ஒரு வழி இருக்கு," என்றாள். "ஆனா நான் ஒண்ணை விட்டுக்குடுக்கணும்." எதை என்று சொல்லவில்லை.

கடைக்குத் திரும்பியதும் ஒலிந்தாவைப் பின்னறைக்குக் கூட்டிப்போனாள். அராமும் பின்னால் நுழைந்தான்.

"நீ வெளிய இரு."

"நான் உங்க உதவியாளன் பாஸ்!"

"அதனாலதான்."

கதவு அவன் மூக்குக்கு நேராகச் சாத்திக்கொண்டது. அராம் சமையல் புத்தக வரிசைக்கு முன்னால் நின்று பொருமினான். சிரிப்பு பல்கலைக்கழகத்துக்காரனுக்கு, ரகசியம் புத்தகக் கடைக்காரிக்கு, கார் கழுவுறதுக்கு மட்டும் அராம்! கதவு திறந்தபோது மோனாவின் முகம் மாறியிருந்தது. நல்ல விருந்துக்கு அழைப்பு வந்து, போக முடியாமல் போனவள் மாதிரி இருந்தாள்.

"மூணு பேரையும் வரச் சொல்லுங்க," என்றாள் ஒலிந்தாவிடம்.

*

வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே எல்லாரும் பின்னறையில் கூடிவிட்டார்கள். வின்சர் அலமாரியில் சாய்ந்து நின்றான். தேயர் முக்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மிஸ் பிரேட்டன் பின்னல் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் அமர்ந்தாள். பச்சை நாற்காலி காலியாக இருந்தது.

"அராம்," என்றாள் மோனா. "நீ அதுல உக்காரு."

அராம் உட்கார்ந்தான். ஒலிந்தா அவன் கையில் காபிப்பாகு கலந்த பாலைக் கொடுத்தாள். காரணம் புரியவில்லை. ஆனால் வின்சர் நிற்க, தான் உட்கார்ந்திருந்ததில் ஒரு சின்ன நிம்மதி இருந்தது.

"கதை காணாமப் போச்சு," என்றாள் மோனா. "கிடைக்காதுன்னுதான் தோணுது. எப்படியும் யாரும் படிக்கப் போறதில்ல. அதனால ஒலிந்தா சொன்னதை வச்சு கதையை நானே சொல்லிடறேன். இந்த ரூம்ல ஒலிந்தாவைத் தவிர யாரும் படிக்கலை. அப்படித்தானே?"

மூன்று தலைகள் அசைந்தன.

"ஒரு மீன்பிடிப் படகு. மூடுபனி. கடலாழம் பாக்கிற ஆளு, ஈயக்குண்டு கட்டின கயித்தை விடறான். அவனுக்கு நல்லாத் தெரிஞ்ச இடம். இன்னைக்குக் குண்டு தரையைத் தட்டலை. இன்னும் கயிறு விடறான். தட்டலை. படகுல இருக்கிற எல்லாக் கயித்தையும் முடிச்சுப் போட்டு விடறாங்க. தட்டவே இல்லை. கடைசியில பயந்துபோய் இழுக்கிறாங்க. மேல வந்தா, குண்டைக் காணோம். கயித்தைப் பல்லால கடிச்ச தடம் இருக்கு. அதோட கதை முடிஞ்சுது."

தேயர் மூக்கை உறிஞ்சினார். "இவ்வளவுதானா?"

வின்சர் உத்தரத்தைப் பார்த்தான். மிஸ் பிரேட்டன் பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

"மன்னிக்கணும், மாத்திச் சொல்லிட்டேன்," என்றாள் மோனா. "இழுக்கிறதுக்கு முன்னாடி கீழேயிருந்து யாரோ கயித்தை வெடுக்குன்னு இழுக்கிறாங்க, படகே கவுந்துடுது. அதுதான் முடிவு."

"அது இன்னும் மட்டம்," என்றார் தேயர் சந்தோஷமாக. "இதுக்கா ஓட்டுப் போட்டானுங்க?"

மிஸ் பிரேட்டனின் முகத்தில் எதுவும் அசையவில்லை. அராம் பாலை ஒரு வாய் குடித்துவிட்டு வின்சரையே பார்த்துக்கொண்டிருந்தான். 'மாட்டுடா,' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

"அட, இல்லை. இப்பத்தான் சரியா ஞாபகம் வருது," என்றாள் மோனா. அவள் குரல் தாழ்ந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. சுவரில் இருந்த பூத்தையலைப் பார்த்துச் சொன்னாள். "கயிறு போய்க்கிட்டே இருக்கு. படகுல எல்லாரும் குனிஞ்சு தண்ணியையே பாத்துக்கிட்டிருக்காங்க. அந்த ஆழம் பாக்கிறவன் மட்டும்..."

"நிறுத்தும்மா!"

மிஸ் பிரேட்டன் எழுந்து நின்றிருந்தாள். கை நீண்டு, விரல் பச்சை நாற்காலியைக் காட்டியது.

"அந்தப் பையன் படிக்கலை! அவன் காதுல..." 

நீட்டிய கையைத் தானே பார்த்தாள். மெதுவாக அதை இறக்கினாள்.

"ரெண்டு பொய் முடிவு சொன்னேன்," என்றாள் மோனா மென்மையாக. "அப்ப அவன் காதைப் பத்தி உங்களுக்குக் கவலை வரலை. கெட்டுப்போக அதுல ஒண்ணும் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும், மிஸ் பிரேட்டன்."

அராம் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுடைய நிச்சயமான குற்றவாளி வின்சர் அவனைவிட அகலமாக வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

மிஸ் பிரேட்டன் உட்கார்ந்தாள். பின்னல் பையைத் திறந்து, நூலுருண்டைகளை ஒதுக்கி, மெழுகுத்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்தாள்.

"வீட்டுல விட்டுட்டு வர மனசு வரலை," என்றாள். "எரிச்சுடணும்னுதான் எடுத்தேன். நிஜமா. ஓட்டு எண்ணின அன்னைக்கு வீட்டுக்குப் போய், அடுப்பைக்கூடப் பத்தவைக்காம இருட்டுல உக்காந்திருந்தேன். இத்தனை வருஷமா எல்லாரும் என்கிட்டதானே வந்தாங்க? இந்த நாற்காலி என் வீட்டு நாற்காலி. முதல்ல எந்தக் கதைன்னா என்னைத்தானே கேட்டாங்க? எங்கிருந்தோ ஒரு ஊசி பத்தவைக்கிறவ ஒரு கதை எழுதினாளாம், இவ கண்டுபிடிச்சாளாம்." அவள் ஒலிந்தாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அப்படி என்னதான் இருக்குன்னு முதல் வரியை மட்டும் பாக்கலாம்னு திறந்தேன். எப்போ உக்காந்தேன்னே தெரியலை. நீங்கள்லாம் வெளிய புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கிட்டிருந்தீங்க. நான் இங்க, இதுல. வாழ்க்கையில முதல் தடவை இதுல உக்காந்தேன்."

"எப்படி இருந்துச்சு?" என்றாள் ஒலிந்தா. அவள் கேட்பாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"என் கதையைவிட நல்லா இருந்துச்சு," என்றாள் மிஸ் பிரேட்டன். "அதைத்தான் என்னால தாங்க முடியலை. சுமாரா இருந்திருந்தா அப்பவே திருப்பி வச்சிருப்பேன்."

தேயர் தொண்டையைக் கனைத்தார். முழங்காலைத் தேய்த்தார்.

ஒலிந்தா பொட்டலத்தை வாங்கி, மெழுகுத்தாளைப் பிரித்துப் பார்த்தாள். பக்கங்கள் முழுசாக இருந்தன. அவள் தோள்கள் தளர்ந்தன. பிறகு முன்கடைக்குப் போய், ஒரு டைப்ரைட்டரைத் தூக்கி வந்து மேசைமேல் தடாலென்று வைத்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு நான் சொல்ல மாட்டேன், மிஸ் பிரேட்டன்," என்றாள். "வண்டி வர்றதுக்குள்ள அடிச்சு முடிக்கணும். எனக்கு ரெண்டு விரல்தான் வரும். உங்களுக்குப் பத்தும் வரும். உக்காருங்க."

மிஸ் பிரேட்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தை உருளையில் செருகினாள்.

*

முதல் தாள் வெளியே வந்ததும் ஒலிந்தா அதை அச்சகத்து உறையில் வைக்கப் போனாள். பாதியில் நின்றாள். திரும்பி அராமிடம் கொடுத்தாள்.

"நாற்காலியில இருக்கே. வழக்கத்தை எதுக்கு மாத்தணும்? பிழை இருந்தா சொல்லு."

அராம் படித்தான். மூடுபனி, படகு, கயிறு. அவன் அப்பா படகுத்துறைக்குக் கூட்டிப்போன நாட்களின் உப்பு வாசனை தாளிலிருந்து வந்தது. இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தான். அடுத்த தாள் வந்தது. இன்னும் கயிறு. அதற்கடுத்தது. பால் டம்ளரை எங்கே வைத்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு தாளை முடித்துவிட்டு, கண்ணை எடுக்காமலே கையை நீட்டினான். கை காற்றில் நின்றது.

"சீக்கிரம் அடிங்க மிஸ் பிரேட்டன்!"

"அடிச்சுக்கிட்டுத்தானேப்பா இருக்கேன்."

"அவன் முடிச்ச தாளை இப்படிக் குடு," என்றார் தேயர். நாற்காலிக்குப் பின்னால் எப்போது வந்து நின்றாரோ தெரியாது.

"நீங்கதான் படிக்கவே மாட்டேன்னீங்களே?" என்றான் வின்சர்.

"உனக்கு இன்னும் பதினொண்ணே முடியலை. நீ வரிசையில வா."

"எனக்கு முன்னாடி நிக்கிறீங்க!"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க," என்றான் அராம், தலை நிமிராமல்.

இரண்டு பேரும் சும்மா இருந்தார்கள். வின்சர் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க முயன்றான். அராம் தாளை மார்போடு சாய்த்துக்கொண்டான்.

கடைசித் தாள் வந்தது. படகில் எல்லாரும் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆழம் பார்க்கிறவன் மட்டும்...

அராம் படித்தான். முடித்தான். தாள் மடியில் விழுந்தது. அவன் தலை தானாகத் திரும்பியது. எந்தப் பக்கம் திரும்பியது என்று அவன் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

டைப்ரைட்டருக்குப் பின்னாலிருந்து மிஸ் பிரேட்டன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒலிந்தாவும் பார்த்தாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆனால் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

"என்னடா? என்ன ஆச்சு?" என்றார் தேயர். "கயித்துல என்ன வந்துச்சு?"

அராம் சுவரில் இருந்த பூத்தையலைக் கையால் காட்டினான்.

வெளியே வண்டியின் ஹார்ன் ஒலித்தது. ஒலிந்தா தாள்களை அடுக்கி உறையில் போட்டுக்கொண்டு ஓடினாள். பாதிக் கதையோடு நின்றுபோன தேயரும் வின்சரும் "ஐயையோ, கடைசித் தாளு!" என்று அவள் பின்னால் ஓடினார்கள்.

அராமுக்குத் தெம்பு வந்தது. இதற்கு ஒரு நல்ல வசனம் அவனிடம் இருந்தது. வின்சரின் உலகப் போரைத் தூக்கிச் சாப்பிடும் வசனம். கதவோரம் நின்றிருந்த மோனாவைத் திரும்பிப் பார்த்தான்.

மோனா ஓடியவர்களைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் காலடியில் இருந்த பால் டம்ளரை, நாற்காலியிலிருந்து அவன் சட்டையில் ஒட்டிய செதில்களை, இன்னும் சரியாகாத அவன் கண்களைப் பார்த்தாள். காலையிலிருந்து தன் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பொறாமைதான் இப்போது அவள் முகத்தில் இருக்கிறது என்று அராமுக்குச் சட்டென்று புரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஒலிந்தாவிடம் கேட்டது முடிவை. விட்டுக்கொடுக்கணும் என்று காரில் சொன்னது, முதல் தடவை படிக்கும் இந்தச் சுகத்தைத்தான். அவனை வெளியே நிறுத்தியது அவன் காதில் முடிவு விழாமல் இருக்கத்தான்.

"பாஸ்," என்றான். "நீங்க இனிமே இதைப் புதுசா..."

"தெரியும்," என்றாள் மோனா. கார் சாவியை அவனிடம் எறிந்தாள். "நீயே ஓட்டு. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லாதே."

அந்த வசனத்தை அராம் சொல்லவில்லை. ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது அவன் தலை மறுபடியும் தானாகத் திரும்பப் போனது. அடக்கிக்கொண்டு, நேரே சாலையைப் பார்த்து ஓட்டினான்.